தோட்டத்து முகவரியும் ஜீமெயில் முகவரியும்

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நிரப்பும் விண்ணப்பப் படிவங்களில் முகவரிக்கான கட்டம் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். பெயர், அதன் கீழே டிவிஷன், அதன் கீழே தோட்டத்தின் பெயர், கடைசியில் தபால் கந்தோர். பல இடங்களில் வீட்டு இலக்கமும் இல்லை, வீதியும் இல்லை. ஒரே தோட்டத்தில் நாலு செல்வராஜ் இருந்தால் நாலு பேருக்கும் ஒரே முகவரி. தபால்காரர் லயம் லயமாக ஏறி இறங்குவது அபூர்வம். கட்டைத் தோட்டத்து ஒபிசில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து அது யார் கையில், எந்த நாளில், எந்த லயத்துக்குப் போகும் என்பது அந்தந்தக் கடிதத்தின் தலைவிதி. நேர்முகப் பரீட்சை முடிந்த மறுநாள் வந்துசேர்ந்த அழைப்புக் கடிதத்தின் கதை இல்லாத தோட்டம் கண்டி மாவட்டத்தில் இருந்தால் ஆச்சரியம்தான்.

அதே படிவத்தில் இரண்டு வரி கீழே இப்போது இன்னொரு கட்டம் இருக்கிறது: மின்னஞ்சல் முகவரி. தோட்டத்துத் தொழிலாளியின் பிள்ளை அதில் எழுதும் ஜீமெயில்தான், அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குத் தன் பெயரில் மட்டும் கிடைத்த முதல் முகவரி. அதில் தோட்டத்தின் பெயர் இல்லை, துரையின் ஒபிஸ் இல்லை. இதை யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டிய விடயம் என்றே எனக்குப் படுகிறது. மின்னஞ்சலைத் திறமையாகக் கையாள்வது பற்றிய புத்திமதிகள் எல்லாம் நாளுக்கு இருநூறு மடல் வரும் கொழும்பு நிர்வாகிகளுக்காக எழுதப்பட்டவை. மாதத்துக்கு ஒரேயொரு முக்கியமான மடல் வரும் பிள்ளைக்கு அந்த ஒன்றைத் தவறவிடாமல் இருப்பதுதான் திறமை.

கண்டிக்கும் தபாலுக்கும் உறவு பழையது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். 1867 இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில்தான் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக வைத்தார். டெய்லர் 1852 இல் வந்தவர், கடைசிவரை அந்த மலையிலேயே இருந்து 1892 இல் இறந்து கண்டி மஹையாவ மயானத்தில் புதைக்கப்பட்டவர். ஸ்கொட்லாந்தில் இருந்த தன் வீட்டாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வைத்து அவருடைய வாழ்க்கை வரலாற்றையே எழுதிவிட்டார்கள்.

அவர் நட்ட 19 ஏக்கரில் காடு வெட்டியவர்களும் குழி தோண்டியவர்களும் ஊருக்குச் சேதி அனுப்பாமல் இருந்திருக்க மாட்டார்கள். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் சேலத்துக்கும் இராமநாதபுரத்துக்கும், எழுத்துத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, சொல்லச் சொல்ல எழுதுவித்த கடுதாசிகள் அவை. எழுதியது கங்காணியின் ஆளாக இருக்கலாம், கணக்கப்பிள்ளையாக இருக்கலாம். கடன் யாரிடம், சண்டை யாரோடு என்பதெல்லாம் எழுதுகிறவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் சொல்ல வந்ததில் பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள். பதில் வந்தாலும் அவரேதான் வாசித்துக் காட்டவேண்டும். இவை எந்த நூலகத்திலும் இல்லை.

இதற்கு மறுபக்கம் தோட்டத்து ஒபிஸ். அங்கே கடிதத்துக்கு நடந்த உபசாரமே வேறு. தினமும் ஒரு தடவை தப்பால்காரர் என்ற தோட்டத்து ஆள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தபால் கந்தோருக்கு இறங்கிப் போய், வந்ததை வாங்கிக்கொண்டு ஏறி வருவார். பை பூட்டியிருக்கும். திறந்ததும் பெரிய கிளாக்கர் ஒவ்வொன்றிலும் திகதி முத்திரை குத்தி, வந்த கடிதப் பதிவேட்டில் இலக்கம் போட்டு, யாரிடமிருந்து, எது பற்றி என்று ஒரு வரி எழுதிவைப்பார். துரை பார்த்து ஓரத்தில் இரண்டு சொல் கிறுக்குவார். பதில் போன பிறகு அதே வரியின் கடைசிக் கட்டத்தில் பதில் போன திகதி ஏறும். மாத முடிவில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளைப் பார்த்தாலே எது தேங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். இன்று மென்பொருள் விற்கிறவர்கள் படம் போட்டு விளக்குவது இதைத்தான்.

நாளுக்கு ஒரு தடவைதான் பை திறக்கும் என்பதிலும் ஒரு சுகம் இருந்தது. 2015 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கொஸ்தாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் என்ற இரு ஆய்வாளர்கள் 124 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வாரம் நாளுக்கு மூன்று தடவை மட்டும் மின்னஞ்சல் பார்க்கவேண்டும், இன்னொரு வாரம் எத்தனை தடவையும் பார்க்கலாம். மூன்று தடவையோடு நிறுத்திய வாரத்தில் மன அழுத்தம் குறைந்திருந்தது. பழைய பெரிய கிளாக்கரிடம் இதைச் சொன்னால், இதைக் கண்டுபிடிக்கவா ஆய்வு என்று கேட்டிருப்பார்.

அரச கந்தோர்களில் இந்தப் பதிவேட்டு ஒழுங்கு இன்னும் இறுக்கமாக இருந்தது, கடிதத் தாளில் இன்றும் மிஞ்சி இருக்கிறது. கண்டிக் கச்சேரியிலிருந்தோ வலயக் கல்விப் பணிமனையிலிருந்தோ வரும் எந்தக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். தலைப்பில் எனது இல., உமது இல., திகதி என்று மூன்று இடம் ஒதுக்கியிருக்கும். பிறகு கோடிட்ட ஒரு வரியில் விடயம். பிறகு எண்ணிட்ட பந்திகள். ஒரு கடிதத்தில் ஒரு விடயம்தான், ஏனென்றால் ஒரு தாளை ஒரு கோப்பில்தான் கோர்க்க முடியும். இடமாற்றம் கேட்கும் ஆசிரியர் அதே கடிதத்தில் சம்பள நிலுவையையும் கேட்டால் அது இடமாற்றக் கோப்பில் போய்ப் படுத்துவிடும், சம்பளக் கிளைக்கு அது தெரியவே வராது. நடை வறட்டு நடைதான், பணிவன்புடன்களும் மேற்படிகளும் நிறைந்ததுதான். ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு எழுதுவினைஞர் அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு கோப்பைத் தேடி எடுத்துவிட முடிந்தது.

இந்த ஒழுங்கின் மறுமுனையில் நிற்க நேர்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதற்குப் பிரஜாவுரிமைக் கதை போதும். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். மறுக்கப்பட்டதற்கு அரசியல்தான் அடிப்படைக் காரணம், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அந்த அரசியல் கையில் எடுத்த கருவி கடிதம். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், ஆவணம் போதாது, விளக்கம் கேட்டதற்குத் தவணைக்குள் பதில் இல்லை. தோட்டத்து ஒபிசின் வழியாக வந்து, வாசிக்கத் தெரியாத வீட்டுக்குப் போன ஒரு கேள்விக் கடிதத்துக்கு எந்தத் தவணைக்குள் பதில் எழுதுவது?

அதனால்தான் பெட்டிசன் எழுதுகிறவர்களுக்குக் கண்டியில் அவ்வளவு மதிப்பு. கச்சேரி வாசலிலும் நீதிமன்றப் பக்கத்திலும் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். வந்தவர் தாத்தா கப்பலேறிய கதையில் தொடங்குவார். எழுதுகிறவர் முழுவதையும் கேட்டுவிட்டு மூன்று கேள்விதான் கேட்பார்: யாருக்குப் போகணும், என்ன வேணும், எந்தத் திகதிக்குள்ள? தாத்தா பெட்டிசனுக்குள் வரமாட்டார். நல்ல பெட்டிசன்காரர் என்று பெயர் எடுத்தவர், சேர்த்ததற்காக அல்ல, விட்டதற்காகத்தான் பெயர் எடுத்தார்.

தந்திக்கு இந்தக் கறார் இன்னும் அதிகம். சொல்லுக்குக் காசு. ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி என்ற நாலு சொல்லில் என்ன நடந்தது, நீ என்ன செய்யவேண்டும், எப்போது என்ற மூன்றும் இருந்தன. இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாதவர்களுக்குக்கூட அந்த நாலு சொல்லும் தெரிந்திருந்தது. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் தலைமன்னார் கப்பலில் ஏறி இந்தியாவுக்குப் போய், நீலகிரியிலும் இன்னும் எங்கெங்கோவும் குடியேறியபோது வான்கடிதம்தான் சேதி சுமந்தது. நீலத் தாள் ஒன்றுதான், அதற்குள் எல்லாம் அடங்கவேண்டும். இடம் முடிந்ததும் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எழுதுவார்கள். சொந்தக்காரர் பெயர் ஒவ்வொன்றையும் போட்டு சுகம் விசாரித்த பிறகுதான் விடயம் வரும். அது சரிதான். அந்தக் கடிதத்தின் விடயமே சுகம் விசாரிப்பதுதான்.

கண்டிப் பக்கத்தில் மின்னஞ்சல் முதலில் இறங்கியது பேராதனைப் பல்கலைக்கழகத்தில். 1990களின் தொடக்கத்தில் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பின் வழியாக விரிவுரையாளர்கள் சிலருக்கு அது கிடைத்தது. அந்தக் காலத்தில் மடல்கள் சேர்ந்து கிடந்து, தொலைபேசி இணைப்பு எடுக்கும் நேரத்தில் மொத்தமாகப் போய் மொத்தமாக வந்தன. தப்பால் பையிலிருந்து அவ்வளவு தூரம் போய்விடவில்லை. 1995 இல் வணிக இணையச் சேவை நாட்டுக்குள் வந்தது. திருகோணமலை வீதியிலும் கொழும்பு வீதியிலும் ஐ.டி.டி. பேசக் கொடுத்த கொமியுனிகேஷன் கடைகள் ஒரு மூலையில் கணினி வைத்தன. பிறகு நெனசல என்ற அரச கணினி நிலையங்கள், பிறகு கையில் போன்.

தோட்டத்துக்கு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கொமியுனிகேஷன் கடைகளின் வழியாகத்தான். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க, மத்திய கிழக்கு வேலைக்குப் படிவம் அனுப்ப, பெறுபேறு பார்க்க, பல்கலைக்கழகப் பதிவுக்கு என்று ஏதோ ஒரு படிவம் ஈமெயில் கேட்கும். கடைத் தம்பி இரண்டு நிமிடத்தில் ஒன்றைத் திறந்து கொடுப்பார். கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள் என்று தன் சீஆர் கொப்பியில் எழுதிவைப்பார். அப்படி ஒரு கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாகப் பெயர், முகவரி, கடவுச்சொல், அதுவும் பாதிக்கு மேல் ஒரே கடவுச்சொல். மீட்டெடுக்கும் தொலைபேசி எண் கேட்ட இடத்தில் கடையின் எண். நல்ல மனசோடு செய்த வேலைதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கடிதம் மறுபடியும் இன்னொருவர் கையில். அன்று கங்காணி, இன்று கடைத் தம்பி. தம்பி கடையை மூடிக்கொண்டு கட்டாருக்குப் போய்விட்டால் அந்தப் பக்கங்களில் இருக்கும் அத்தனை பேரின் தபால் பெட்டியும் பூட்டிக்கொள்ளும்.

ஆகவே மின்னஞ்சலைக் கையாளும் பாடம் இங்கே தொடங்குவது கடவுச்சொல்லில். சொந்தப் போனில், சொந்தக் கடவுச்சொல், சொந்த எண். இதைச் செய்த பிறகும் மடல் தவறும் வழிகள் இருக்கின்றன. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜீபீ இடம் ஜீமெயிலுக்கு மட்டுமல்ல, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். தேர்த் திருவிழா வீடியோக்கள் அதை நிரப்பிவிட்டால் புதிய மடல் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நேர்முகப் பரீட்சை அழைப்பு வந்த நாளில் பெட்டி நிரம்பி இருந்தது என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? ஸ்பேமில் விழுந்த மடல் 30 நாளில் தானாக அழிந்துவிடும். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் முதன்மைப் பெட்டியை மட்டும் பார்த்தால் போதாது, விளம்பரப் பெட்டியையும் ஸ்பேமையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கவேண்டும். இரண்டு வருடம் தொடாத கணக்கை நீக்கிவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் விதி. சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் திறந்து, உயர்தரம் முடிந்த பிறகு தேடுகிற பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

எழுதுவதற்கு வருவோம். அரச வேலைக்கு வர்த்தமானி பார்த்து விண்ணப்பித்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கடித உறையின் இடது மேல் மூலையில் விண்ணப்பிக்கும் பதவியின் பெயரை எழுதாவிட்டால் உறை எந்தக் கட்டில் போகும் என்று சொல்ல முடியாது. அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, எழுத்து எழுத்தாக அதை எழுதுகிற அதே பிள்ளை, மின்னஞ்சலில் விடயம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அனுப்புகிறது. அல்லது ஹாய் என்று போடுகிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் இடம் என்று பாடசாலையில் ஒருவர் ஐந்து நிமிடம் சொன்னால் போதும். கடிதம் எழுதும் பாடத்தில் உறையின் படம் இன்றும் இருக்கிறது, மின்னஞ்சல் திரையின் படத்தையும் பக்கத்தில் ஒட்டிவிடலாம்.

அடிக்கடி கண்ணில் படும் மடல் ஒன்று இந்த மாதிரி இருக்கும்:

"ஐயா வணக்கம். நலமாக இருக்கிறீர்களா. நான் முன்பு ஒரு விண்ணப்பம் தந்தேன். இன்னும் பதில் இல்லை. பல முறை வந்தேன். மிகவும் கஷ்டமான குடும்பம். தயவுசெய்து உதவி செய்யவும்."

கூடவே கையால் எழுதிய தாளின் போட்டோ ஒன்று, குறுக்காகத் திரும்பி, பாதி நிழலில். எழுதியவரின் பெயர் மடலில் எங்கும் இல்லை. எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, ஆனால் வாசிப்பவர் செய்யக்கூடியதும் ஒன்றும் இல்லை. பழைய பெட்டிசன்காரர் இதைக் கையில் எடுத்திருந்தால் இப்படி மாறியிருக்கும்:

"விடயம்: பிறப்புச் சான்றிதழ் பெயர்த் திருத்தம், விண்ணப்பத்தின் நிலை.

பெப்ரவரி 12 ஆம் திகதி உங்கள் கிளையில் பெயர்த் திருத்த விண்ணப்பம் ஒப்படைத்தேன். பற்றுச்சீட்டின் படத்தை இணைத்துள்ளேன். மார்ச் 20 க்கு முன் இந்தச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கவேண்டும். விண்ணப்பத்தில் ஏதும் குறை உள்ளதா, எந்தத் திகதியில் வந்து பெறலாம் என்பதைத் தெரிவிக்கவும்."

அடியில் முழுப் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி. குடும்பக் கஷ்டத்தை எடுத்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதை வாசித்து இரங்கும் அதிகாரியைவிட, பற்றுச்சீட்டு இலக்கத்தைப் பார்த்துக் கோப்பைத் தேடும் எழுதுவினைஞர்தான் இந்தப் பிள்ளைக்குத் தேவை.

பிழை முழுவதையும் பிள்ளைகள் தலையில் போடுவது நியாயமில்லை. கந்தோர்கள் தாளை விட்டு மின்னஞ்சலுக்கு மாறியபோது பதிவேட்டையும் கூடவே விட்டுவிட்டன. எனது இல., உமது இல. போட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து, விடயத்தில் ஒன்றும் எழுதாமல், இணைப்பைப் பார்க்க என்ற ஒரு வரியோடு அனுப்புகிறார்கள். ஒரு சுற்றறிக்கை மாகாணத்திலிருந்து வலயத்துக்கும், வலயத்திலிருந்து கோட்டத்துக்கும், கோட்டத்திலிருந்து பாடசாலைக்கும் இறங்கி வரும்போது அதன் தலையில் நாலு எப்டபிள்யூ ஏறியிருக்கும். கடைசியில் அதிபர் திறந்து பார்த்தால் பதில் கேட்ட திகதி முந்தாநாள். இப்போது அதையே வட்ஸ்அப் குழுவில் போட்டோவாகப் போட்டுவிடுகிறார்கள். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் ஒரு சுற்றறிக்கை. வட்ஸ்அப் வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தச் சுற்றறிக்கையைத் தேடி எடுக்கவேண்டி வந்தவர்களுக்கு அதன் மறுபக்கமும் தெரியும்.

அன்று இல்லாத ஒரு பிடி இன்று எழுதுகிறவர் கையில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கும் கேள்விக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாகவேண்டும். கேள்வி எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பதிலில் நழுவ இடம் குறையும். எங்கள் தோட்டத்து வீதி ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டால் ஒரு பக்க விளக்கம் வரும். இந்த வீதிக்கு இந்த ஆண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று கேட்டால் இரண்டு எண் வரவேண்டும்.

இன்னொன்று மொழி. தமிழில் எழுதிய மடலுக்குச் சிங்களத்தில் பதில் வருவது கண்டியில் புதிதல்ல. வந்ததை வெட்டி மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டி, அது தரும் அரைகுறைத் தமிழை நம்பிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் தமிழில் எழுதினால் அவர் எழுதிய மொழியிலேயே பதில் பெற அவருக்கு உரிமை உண்டு என்கிறது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை. அதைக் கேட்பதற்கு நீண்ட வாதம் தேவையில்லை, பதிலைத் தமிழில் அனுப்பவும் என்ற ஒரு வரி போதும். அதை மடலின் அடியில் போடாமல் விடயத்துக்கு அடுத்த வரியிலேயே போடச் சொல்வேன். பதில் எழுதுகிற பலர் அடிவரை வாசிப்பதில்லை.